கோணாமலை கொடுத்த நிலம்

கோணாமலையிடம் கள்ளும் இல்லை, சூதும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பலவீனம் மேடைப் பேச்சு. எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபின் இரண்டாவது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் எந்த ஊரில் யார் மேடையேறினாலும், முன்வரிசை மணலில் குருக்கள்மடத்துக் கோணாமலை குந்தியிருப்பார். எதிரெதிராக நிற்கும் இரண்டு பேருடைய கூட்டத்துக்கும் போவார், இரண்டிலும் கண்கலங்குவார். மறுநாள் வாவியைக் கடந்து படுவான்கரை வயலுக்குப் போகும்போது, தோணிக்காரனுக்கு முழுப் பேச்சையும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பார். தோணிக்காரன் பாவம், நடு வாவியில் எங்கே எழும்பிப் போவான்.

"அப்புக்காத்தர், வரம்பு உடைஞ்சி தண்ணி போகுது" என்று வயலில் கேலி செய்வார்கள். கோணாமலை சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுப்பார். அந்த வக்கீல் பட்டம் உள்ளூர அவருக்குப் பிடித்தே இருந்தது.

அப்படிப்பட்ட மனிதரின் சொந்த ஊருக்கே அப்புக்காத்துத் தில்லைநாதர் பேச வந்தார். தில்லைநாதர் கொழும்பில் வழக்குப் பேசுகிறவர். ஓர் ஊரில் அவர் பேசி முடித்ததும், பத்து வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அடுத்த வாரமே வேலிக்காக மறுபடி அடித்துக்கொண்டார்களாம், அது வேறு கதை. இப்போது அவர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கேட்டு வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தோடு வாக்கும் வரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் பேச்சு என்றால் பேச்சுத்தான்.

கோயில் வெளியில் பின்னேரக் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தில்லைநாதர் மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் குரலை ஏற்றினார்.

"உங்கள் பிள்ளைகள் மணலிலே எழுதுகிறார்கள். கடற்காற்று வந்து அழிக்கிறது. நாளைக்கும் எழுதுவார்கள், நாளைக்கும் அழியும். அந்த எழுத்து அழியாமல் நிற்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் நிற்க ஒரு நிலம் வேண்டும். ஐயாமாரே, தாய்மாரே, அந்த நிலம் யாருடைய நிலம்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். சபையைப் பார்த்தபடி நின்றார். அந்த இடைவெளி யாரும் பதில் சொல்வதற்காக விடப்பட்டதல்ல. கேள்வி நெஞ்சில் இறங்கட்டும் என்பதற்காக விடப்பட்டது. எத்தனையோ பேச்சுக் கேட்ட கோணாமலைக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் எழும்பிவிட்டார். கால் தானாக நிமிர்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"என்ட நிலம், ஐயா. றோட்டோரத் தென்னங்காணி. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்க."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காரணம் வேறொன்றுமில்லை, அது கோணாமலையின் நிலமே அல்ல. அந்தக் கரையில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை தாலி கட்டி மனைவியின் வீட்டுக்கு வந்து சேருகிறவன். கோணாமலையும் அப்படித்தான் மங்கையற்கரசியின் வீட்டுக்கு வந்தார். றோட்டோரத் தென்னங்காணி மங்கையற்கரசிக்கு அவளுடைய தாய் கொடுத்தது. அதில் வீடு கட்டித்தான் மகள் அன்னப்பூரணியைக் கட்டிக்கொடுக்க வேண்டும். செட்டிபாளையத்தில் மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. இதெல்லாம் அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேடையில் நின்றவருக்கு மட்டும் தெரியாது.

அவர் இறங்கி வந்து தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கோணாமலைக்குப் போட்டார். ஊர்ச் சனம் வேறு வழியில்லாமல் கைதட்டியது. மங்கையற்கரசியின் அண்ணன் நல்லரத்தினம் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். கோணாமலை அப்போதுதான் பெண்கள் பக்கம் திரும்பினார். மங்கையற்கரசி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பெரிய சண்டை நடக்கும், மண்சட்டி உடையும் என்று எண்ணிக்கொண்டுதான் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மங்கையற்கரசி வழக்கம்போலச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள்.

"மாலையக் கழட்டி வெச்சிட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

கழுத்தில் மாலையோடுதான் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறார். கழற்றிய மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மகள் உள்ளே இருந்து வரவேயில்லை. வழக்கமாக அவளுடன்தான் அப்பாவுக்குப் பேச்சு.

அடுத்த நாள் செட்டிபாளையத்திலிருந்து ஆள் வந்தது. காணி விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும், மறுகா பேசுவம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். கோணாமலை தாங்க முடியாமல் மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

"நீங்க போய் அந்த ஐயாவிட்டச் சொல்லுங்க மச்சான். அது தங்கச்சிட காணி, இவரால குடுக்க ஏலாது எண்டு."

நல்லரத்தினம் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார். "நேத்தே போக வெளிக்கிட்டன். தங்கச்சி மறிச்சிட்டா. ஊர் ஆக்கள் போய் அப்படிச் சொன்னா நீங்க சபையில பொய் சொன்ன ஆளாப் போவீங்களாம், ஒருத்தரும் போகப்படா எண்டுட்டா. இனி நீங்கதான் மச்சான் சொல்லோணும்."

கோணாமலைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகளின் கலியாணம் தடைப்பட்டு நிற்கும் நேரத்திலும் மங்கையற்கரசி காப்பாற்றியது இவருடைய மானத்தை. அந்த மானத்துக்கு ஒரு சல்லிப் பெறுமதி இல்லை என்று அவருக்கே தோன்றியது.

தில்லைநாதர் தன்னாமுனையில் பேசுகிறார் என்று அறிந்து, அன்றைக்கே பஸ் ஏறினார். கூட்டம் தொடங்குமுன் அவரைத் தனியாகக் கண்டு, இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பது எண்ணம். பஸ் நடுவழியில் நின்றுபோனது. நடந்து போய்ச் சேர்ந்தபோது பேச்சுப் பாதி முடிந்திருந்தது.

"குருக்கள்மடத்திலே ஓர் ஏழைக் கமக்காரன்" என்று தில்லைநாதர் சொல்லிக்கொண்டிருந்தார். "கந்தைத் துணி. காலிலே சேறு. இருந்தது ஒரே ஒரு துண்டு நிலம். அதையும் தந்தான்."

நிலம் கொடுத்த அன்று கோணாமலை சலவை வேட்டிதான் கட்டியிருந்தார். கந்தைத் துணி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஆனால் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தில்லைநாதர் குரலைத் தாழ்த்தினார். மணல், எழுத்து, காற்று, சுவர், எல்லாம் வரிசையாக வந்தன. "அந்த நிலம் யாருடைய நிலம்?"

நடுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பினார். கோணாமலையின் வயதுதான் இருக்கும். "என்ட நிலம் ஐயா" என்றார்.

கோணாமலை பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே ஒருத்தி தலை குனிந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யாருடைய மனைவி என்று யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.

"அது என்ட நிலமில்ல" என்று கோணாமலை சொன்னார். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தமாகவே வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். "நான்தான் அந்தக் குருக்கள்மடத்தான். அந்தக் காணி என்ட பொண்டாட்டிட. எங்கட மகளுக்கு வெச்சிருந்தது. நான் அவவிட்டக் கேக்கவே இல்ல. கேக்காமத்தான் குடுத்தன்."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. எழும்பி நின்றவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். கோணாமலை அப்படியே நின்றார். சிரிப்பு முடியட்டும், தனக்கு இது வேண்டியதுதான் என்று நின்றார். வெட்கமாக இருந்தது, ஆனால் காணி தப்பியது என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

தில்லைநாதர் ஒரு கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

"சிரிக்காதீர்கள்" என்றார். "தன்னுடையதைக் கொடுக்கிறவன் கொடையாளி. தன்னுடையதல்ல என்று சபை நடுவே சொல்லுகிறவன் அவனிலும் பெரியவன். நான் ஊர் ஊராகக் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. யாருடைய நிலம்? தாயின் நிலம். அப்படியென்றால் நான் இவ்வளவு நாளும் தவறான ஆளிடம் கேட்டிருக்கிறேன். நாளைக் காலை குருக்கள்மடத்துக்குப் போவேன். அந்தத் தாயின் வாசலில் நானே நின்று கையேந்துவேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் பக்கமும் கைதட்டியது. உட்கார்ந்த மனிதர் மறுபடி எழும்பினார். இந்தத் தடவை முதலில் பெண்கள் பக்கம் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்த ஒரு பார்வை கூடத் தனக்கு அன்று தோன்றவில்லையே என்று கோணாமலைக்கு நெஞ்சு எரிந்தது.

அதைவிட மோசமானதும் ஒன்று நடந்தது. தில்லைநாதர் 'தாயின் நிலம்' என்று சொன்ன நேரம் கோணாமலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண் நிறைந்தது. என்ன அருமையாகத் திருப்பினார் என்று மனம் சொக்கியது. மற்றவர்களோடு சேர்ந்து தானும் கைதட்டிக்கொண்டிருப்பதை அவர் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தார். தன் வீட்டைக் குலைத்த பேச்சுக்குத் தானே கைதட்டுகிற ஒரு மனிதனை என்ன சொல்வது. கையைக் கீழே போட்டார். காணியை மீட்க வந்தவர், அந்தப் பேச்சை மங்கையற்கரசியின் வாசலுக்கே அழைத்துக்கொண்டு போகிறார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மங்கையற்கரசி கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினார். நடந்ததை நடந்தபடி சொன்னார், கூட்டம் சிரித்ததையும் சொன்னார். கைதட்டியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"நாளைக்குக் காலம அவர் இஞ்ச வாறாராம். உன்னட்டக் கேக்க."

அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னுக்கு வராத புள்ள. காய்ச்சல் எண்டு நான் சொல்லிப்போடுறன். அந்த மனிசன் பேசத் தொடங்கினா ஒருத்தராலும் இல்லையெண்டு சொல்ல ஏலா. புள்ளைக்கு வெச்ச காணி போயிரும்."

"அண்ணன்ட வீட்ட நல்ல கதிர ஒண்டு கிடக்கு" என்றாள் மங்கையற்கரசி. "போய் வாங்கிட்டு வாங்க. வாறவரை நிக்க வெச்சா கதைக்கிற?"

"நீ குடுத்திருவாய்."

அவள் கத்தியை வைத்துவிட்டு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் கோணாமலை தாங்கியிருப்பார்.

"குடுப்பனோ மாட்டனோ, அது எனக்கே இன்னும் தெரியா. ஆனா என்ட காணிய என்னட்டக் கேக்கிறதுக்கெண்டு ஒரு மனிசன் வாறார். அவரையாவது இருத்தி வெச்சு, சொல்றதக் கேக்கத்தானே வேணும்."

கோணாமலை எழும்பினார். கதிரை கேட்க மச்சான் வீட்டுக்குப் போனார்.