இரண்டு கை மிளகாய்ப்பொடி

அத்தம்மா சீதாராவம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னைக்கு நீ கோழிக்கறி வை, ஹைமா. நல்லா வந்துட்டா நீ இங்கயே இருந்து மாமய்யாவையும் பிரசாத்தையும் பாத்துக்க, நான் ஹைதராபாத்துக்கு மக பிரசவத்துக்குப் போறேன். வரலேன்னா தெனாலியிலேருந்து என் தங்கச்சி வந்து சமைக்கட்டும். நீ சுதீரோட புனே போ."

கல்யாணமாகி இந்தக் குண்டூர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான். என் வீட்டுக்காரர் சுதீருக்குப் புனேயில் வேலை. சாயங்கால ரயிலுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கறியைக் கெடுத்தே தீருவது என்று அடுப்பைப் பற்ற வைத்தேன்.

வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு விழுது போட்டு, நாட்டுக்கோழியைக் கொட்டிப் புரட்டும்வரை ஒழுங்காகத்தான் சமைத்தேன். அத்தம்மா பூஜைக்கு நகர்ந்ததும் மிளகாய்ப்பொடி ஜாடிக்குள் கையை விட்டேன். ஒரு கை. மனசு கேட்கவில்லை, இன்னொரு கை. ஸ்ரீகாகுளத்தில் அம்மா இதில் கால்வாசி போட்டாலே அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். நெடி ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷமாக இருமினேன்.

கூடத்திலிருந்து கொழுந்தன் பிரசாத், "அண்ணி, கறி வைக்கிறீங்களா, கொசுவுக்கு மருந்தடிக்கிறீங்களா?" என்றான்.

மாமய்யா முதல் வாய் வைத்தார். முகம் சிவந்து, மூக்கு ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டார். கட்டி வைத்த என் பெட்டியை நினைத்தபடி நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா," என்றார்.

"அம்மா, இனிமே உன் கறி ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான்," என்றான் பிரசாத். சுதீரும், பாவி மனுஷர், தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தம்மா ஒரு துண்டை மென்றாள். "ஸ்ரீகாகுளத்துப் பொண்ணாச்சே, வெல்லத்தப் போட்டு வச்சிடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன்." இடுப்பிலிருந்த சாமான் அறைச் சாவியை எடுத்து என் முந்தானையில் முடிந்தாள். "சுதீரு, இவ டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுடா."

அவர் கைகூடக் கழுவவில்லை. இடது கையால் போனை எடுத்தார்.

வெல்லம். அம்மா கறியில் போடுவாளே, அதே வெல்லம். அந்த டப்பா மிளகாய்ப்பொடி ஜாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அத்தம்மா சோற்றில் கறியைப் பிசைந்து பிரியமாக என் வாயில் ஒரு உருண்டை ஊட்டினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாமய்யா சிரித்தார். "இப்பத்தான் உறைக்குதாம்மா உனக்கு? மோர் குடி."