மெஹிட்டபலின் கல்

எங்கள் குன்றுக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமானால் அமாசா பிக்ஸ்பியின் வாரிசாக இருக்க வேண்டும். முந்நூறு வருடத்துக்கு முன் மாசசூசெட்ஸுக்கு வந்து இங்கே காடு வெட்டிய மனிதர் போட்ட நிபந்தனை அது. யார் வாரிசு என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சொல்கிறவள் நான், நாற்பது வருடமாக. ஒரு ஞானஸ்நானப் பதிவு குறைந்தாலும் முடியாது என்றுவிடுவேன். குழி வெட்டும் ஆர்லோவின் மனைவி டோரிஸ் இறந்தபோதும், அவளுடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை என்று அப்படித்தான் சொன்னேன். ஊரே கெஞ்சியது. நான் மசியவில்லை.

செவ்வாய்க்கிழமை என் தங்கை வின்னி இறந்தாள். அம்மா பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். தரை உறைவதற்குள் அடக்கத்தை முடிக்க வேண்டும். காலையில் குழி வெட்டப் போன ஆர்லோ, மத்தியானம் ஒரு சின்னப் பலகைக்கல்லோடு என் வாசலில் நின்றான்.

“மண்வெட்டியில தட்டுச்சு. படிங்க ஹேஸல்.”

அமாசா மகள் மெஹிட்டபல், வயது நான்கு, 1741.

அமாசாவுக்கு ஒரே பிள்ளை, மெஹிட்டபல். அவள் வளர்ந்து, மணமுடித்து, அவள் வழியில் நாங்கள் வந்தோம் என்று கையெழுத்திட்டவள் நானே. நாலு வயதில் செத்தவளுக்கு ஏது கல்யாணம்? மறு வருடம் ஊரார் ஓர் அநாதைச் சிறுமியை அமாசா வீட்டில் விட்டதாக ஊர்க் குறிப்பில் ஒரு வரி உண்டு. பெயர் இருக்காது. எத்தனையோ முறை அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். செத்த பிள்ளையின் பெயரை அடுத்து வரும் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். நாங்கள் அந்த அநாதையின் வம்சம்.

“அப்போ உங்க கணக்குப்படி வின்னிக்கு அங்க இடமில்ல. சரிதானே?”

வாக்குக் கேட்ட வின்னியின் முகம்தான் கண்முன் நின்றது.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“குழி வெட்டுறவன் சொன்னா எவன் நம்புவான்? நீங்கதானே இங்க எல்லாம்.”

“இருந்த இடத்துலயே போட்டு மூடிடு ஆர்லோ.”

வெட்கமாக இருந்தது. அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கல்லை மெதுவாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“மூடிடறேன். வின்னி நல்ல பொண்ணு, அவ என்ன பண்ணுவா?” படியில் இறங்கியவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “டோரிஸும் அவ அம்மா பக்கத்துலதான் கேட்டா, ஹேஸல்.”