சார்ஜண்ட் கார்ப்பியோ மறைத்தது

சார்ஜண்ட் பொலிகார்ப்பியோ தும்லாவ் வாங்கிய பதக்கத்தில் பொய் எதுவும் இல்லை. 1942 ஜனவரியில், பிலிப்பைன்ஸின் பத்தானில் ஓர் ஆற்றங்கரையில், கூட இருந்த இருவரும் செத்து விழுந்த பிறகு, அவன் தனி ஆளாக இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் ஜப்பானியரைக் கரையேற விடவில்லை. அந்த அரை நாளில் நூறு பேருக்கு மேல் பின்வாங்கிப் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவன் செவெரோ. பங்காசினானில் இருவருக்கும் ஒரே ஊர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

வெட்கம் மூன்று மாதம் கழித்து வந்தது. சரணடைந்தவர்களை ஜப்பானியர் சோறு தண்ணீர் இல்லாமல் வடக்கே நடத்திப் போனார்கள். செவெரோவுக்கு மலேரியா. இரண்டு நாள் கார்ப்பியோ அவனைத் தோளில் சாய்த்து இழுத்து வந்தான். மூன்றாம் நாள், லுபாவ் ஊருக்குச் சற்று முன்னால், செவெரோ முழங்கால் மடங்கி விழுந்தான். அவன் கை மட்டும் கார்ப்பியோவின் சட்டையை விடவில்லை.

"என்னை விட்டுட்டுப் போயிடாதடா."

விழுந்தவனோடு நிற்பவனுக்கும் துப்பாக்கிக் கத்திதான் என்பதை அந்தச் சாலையில் கார்ப்பியோ பார்த்திருந்தான். காவலாளி நெருங்கிக்கொண்டிருந்தான். நண்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு வரிசையோடு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து, ஊர்ச் சதுக்கத்தில் பாண்டு வாத்தியம் முழங்க அவன் நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செவெரோவின் தாயும் தங்கை ரொசெந்தாவும் வந்தார்கள்.

"கடைசியில அவன் பக்கத்துல யாருப்பா இருந்தா?" என்றாள் தாய்.

"நான்தான்மா. முகாமுல காய்ச்சல். என் மடியில தூங்கினவன் எழுந்திருக்கல."

கிழவி அவன் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாகும்வரை அவள் அதை நம்பினாள். அவனை மகன் என்றே கூப்பிட்டாள். ரொசெந்தாவை அவனுக்குக் கட்டிவைத்ததும் அவள்தான். பிறந்த பெண்ணுக்கு ரொசெந்தா அண்ணன் பெயரையே வைத்தாள், செவெரா என்று. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் கார்ப்பியோ, சோறு போட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவான்.

"சண்டைக்குப் போனவங்க அப்படித்தான்" என்று ரொசெந்தா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

1963 ஏப்ரலில், வீரர் நாள் விழாவில் பேசச் சொல்லி மேயர் அவனை மேடையேற்றினார். ஆற்றங்கரைக் கதையைச் சொல்லத்தான் எழுந்தான். முதல் வரிசையில் ரொசெந்தாவும் பதினைந்து வயது செவெராவும் இருந்தார்கள். மகளின் முகவெட்டு அப்படியே அவள் மாமனுடையது. வாயில் வேறு கதை வந்தது. சட்டையை, விரல்களை, மடியில் செத்தான் என்று சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான்.

பிறகு மேயர் எழுந்து கைதட்டினார். ஊரே தட்டியது. "இதைச் சொல்றதுக்கே தனி நெஞ்சு வேணும் சார்ஜண்ட்!" என்று ஒருவர் கத்தினார். கார்ப்பியோவுக்கு மேடை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வீட்டு வாசலில் ரொசெந்தா நின்றுகொண்டிருந்தாள். அவனை 'நீங்க' என்றே பேசியவள் அன்று மாறினாள்.

"பதினாறு வருஷமா ஒரே பாய்ல படுத்திருக்கேன். என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல. மைக்கைப் பார்த்ததும் வந்துடுச்சா?"

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்ல ரொசெந்தா."

"அதனால ஊரைக் கூட்டிச் சொன்னே. எங்க அண்ணனை விட்டுட்டு வந்ததுக்கும் கைதட்டு வாங்கிட்டே."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, "அந்த இடத்தைக் காட்டு" என்றாள். மூவரும் பஸ் ஏறி லுபாவுக்குப் போனார்கள். சாலையோரத்தில் கிடந்தவர்களை ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தின் ஓரமாகப் புதைத்ததாகக் கோயில் பணியாள் சொன்னார்.

"பேரு யாருக்குங்க தெரியும்? பதினொரு பேர். அவ்வளவுதான் தெரியும்."

ரொசெந்தா பதினொரு மண்மேட்டிலும் மெழுகுவத்தி ஏற்றினாள். செவெரா தகப்பனிடம் மெல்லக் கேட்டாள்.

"மாமா அப்ப உயிரோடதானே இருந்தார்?"

"ஆமா."

"நீங்களும் நின்னிருந்தா?"

"நானும் செத்திருப்பேன்னு இத்தனை வருஷமாச் சொல்லிக்கிறேன். செத்திருப்பேனான்னு தெரியலம்மா. நின்னு பார்க்கலையே."

ரொசெந்தா காதில் அது விழுந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா உன்னை மன்னிப்பாளோ என்னவோ, அவ இல்ல. எனக்கு இப்ப முடியல. வா, பஸ்ஸு போயிடும்."

அடுத்த ஏப்ரலில் மேயர் ஆள் அனுப்பினார். கார்ப்பியோ போகவில்லை. "என்ன அடக்கம் பாரு மனுஷனுக்கு!" என்று சதுக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். அந்த நேரத்தில் அவன் லுபாவில் குந்தி உட்கார்ந்து மேடுகளின் மேல் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ரொசெந்தாவும் வந்திருந்தாள். நாலு மேடு தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டியபடி அவளும் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.