உதறிய துண்டு

கருமம், அந்தக் கூட்டத்த நெனச்சாலே கொமட்டுது.

வனவிலங்குக் காட்டுக்குப் பாதுகாப்பு எல்லை போடப் போறாகளாம். அதுக்குப் பொதுமக்கள் கருத்தக் கேக்கணுமாம். கொடைக்கானல் குளிருக்கு ஏசி மண்டபம் வேற. பூம்பாறையிலருந்து வெள்ளனே பஸ் ஏறி ஊரே போனோம். செவுத்துல பெரிய வரைபடம். என் பூண்டு வெள்ளாமைக்குத் தண்ணி வர்ற ஊத்து எல்லைக் கோட்டுக்கு உள்ள கெடக்கு. அதுக்கு மேல இருக்குற ரிசார்ட்ட மட்டும் கோடு வளைஞ்சு ஒதுங்கி வெளிய விட்டுருச்சு. கோட்டுக்கு உள்ள எதையும் தொடக் கூடாதாம். இனிமே ஊத்துல ஓஸ் குழா போட்டுத் தண்ணி எடுக்கக் கூடாதுன்னா என் பூண்டு கருகிப் போகும். அதச் சொல்லத்தான் நான் போனதே.

அந்த ரிசார்ட்டு மொதலாளி மைக்கப் புடிச்சு, "காடு நம்ம தாய்"னு உருகுறான். அவன் கக்கூஸ் தண்ணி அந்தக் காட்டு ஓடையிலதான் விழுகுது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். தூ!

எங்க ஊர்க்கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாதவுக வாயத் தொறக்க மாட்டாக. துண்ட ஒதறித் தோள்ல போட்டு எந்திரிச்சுப் போயிருவாக. ஆள் அனுப்பி, கையப் புடிச்சுக் கூட்டியாந்து, மனசு ஆத்தாம யாரும் முடிவு எடுக்க மாட்டாக.

அந்த மண்டபத்துலயும் ஊர்ப் பெரியதனம் சின்னக்கருப்பன் மாமா எந்திரிச்சாரு. துண்ட ஒதறினாரு. பின்னாலயே மொத்த ஊரும் எந்திரிச்சிருச்சு.

"உக்காருங்க மாமா, நான் பேசணும்."

"வா முருகம்மா. கூப்பிட ஆள் வரும். அப்பப் பேசு."

ஊரு எந்திரிக்கையில ஒருத்தி மட்டும் உக்காந்திருந்தா அவ ஊருக்கு ஆகாதவ. பல்லக் கடிச்சுக்கிட்டு நானும் போனேன்.

வெளிய ஒரே மூடுபனி. நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வாசல்லயே நின்னோம். "இந்தா வந்துருவாக"ன்னு மாமா மீசையத் தடவுறாரு. உள்ள கைதட்டுச் சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கதவத் தொறந்து கூட்டத்த நடத்துன அதிகாரியும் மொதலாளியும் சிரிச்சுக்கிட்டே வந்தாக.

போயி அதிகாரிய மறிச்சேன். "அய்யா, என் ஊத்துங்க..."

"கூட்டம் முடிஞ்சிருச்சும்மா. ஆட்சேபம் இருக்கான்னு கேட்டேன். இருந்தவங்க யாரும் கை தூக்கல. ஏகமனதா முடிவாயிருச்சு."

"நாங்க எந்திரிச்சு வந்தமே! அதுதானய்யா ஆட்சேபம்!"

"அதுவா? பஸ்ஸுக்கு நேரமாச்சு போலன்னு நெனச்சேன்"னாரு. கேலிக்குச் சொல்லல, பாவி மனுசன் நெசமாவே அப்படித்தான் நெனச்சிருக்கான்.

கார் கெளம்பிப் போச்சு. மாமா இன்னும் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. தோள்ல துண்டு பனியில சொட்டச் சொட்ட நனைஞ்சு தொங்குது.

"ஒரு ஆளக்கூட அனுப்பலியே முருகம்மா"ன்னாரு.

எனக்கு அந்த மொதலாளி மேலயும் அருவருப்பு, அதிகாரி மேலயும் அருவருப்பு, மாமா மேலயும், ஊமையா வெளிய வந்த என் மேலயும் அருவருப்பு.

"அந்தத் துண்டக் காய விட்றாதீக மாமா. இனி என் பூண்டுக்கு அதப் புழிஞ்சுதான் தண்ணி விடணும்"னேன்.