ஐந்தாம் எண்ணுக்கு நேரே

கஞ்சத்தனத்துக்குக் கொள்கை என்று பேர் வைத்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். ஊரே காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரை அவர் வாங்க மாட்டார். இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒன்றை எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்து, "வைரஸே வராது பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். கரண்ட் பில் கட்டவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும் அது போதுமாக இருந்தது. நானும் கிண்டல் பண்ணுவதோடு விட்டுவிட்டேன்.

தம்பி வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒரு மதியம் பற்றி எரிந்தது. ஒன்பது பேர் வெளியே வரவில்லை. முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் யாரும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருந்தாலும் சரி, அவனை என்கிட்ட கொண்டுவந்துடு" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பிணவறை ஆபீஸில் நிற்க இடமில்லை. ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த கிளார்க் எல்லாருடைய இமெயிலையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு உடலிலும் இருந்த பொருளைப் படமெடுத்து, பக்கத்தில் அந்த உடலின் எண்ணும் உயரமும் எழுதி, வேர்ட் ஃபைலாக அனுப்புவதாகச் சொன்னார். நமக்குத் தெரிந்த பொருள் எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறதோ அதை எழுதி அனுப்பினால் போதும். பொருள்களை நேரில் பார்க்க வழியில்லை. வழக்குக்கு வேண்டும் என்று போலீஸ் எடுத்துப் போய்விட்டது.

ஃபைல் வந்ததும் வீட்டுக்காரர் திறந்தார். நான் பின்னால் நின்றேன். அம்மாவை வேண்டுமென்றே சமையலறையில் உட்கார வைத்திருந்தோம். உருகிப்போன செல்போன், ஒரு வளையம், ஒரு சாவிக்கொத்து. ஒவ்வொன்றையும் தாண்டும்போது உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் ஒரு பெல்ட்.

அதை எனக்குத் தெரியாதா? மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்தபோது தம்பி பாதி ஆளாகியிருந்தான், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆணியைக் காய்ச்சி அந்த பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டவள் நான்தான். அது கோணலாக விழுந்துவிட்டது. "அக்கா, நீ டெய்லருன்னு வெளிய சொல்லிடாத" என்று சிரித்தான். கொக்கி கருகியிருந்தது, தோல் சுருங்கியிருந்தது, அந்தக் கோணல் ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஐந்து என்று போட்டிருந்தது.

"உயரம் கொஞ்சம் கூட இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"அளந்தவன் தூக்கக் கலக்கத்துல அளந்திருப்பான். பெல்ட் பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஐந்து என்று எழுதி அனுப்பினார்.

வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அம்மா அந்தத் துணியின்மேல் விழுந்து கால்மாட்டைக் கட்டிக்கொண்டாள். தம்பியின் சின்ன வயசுச் செல்லப்பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவே அழுதது. அடக்கம் முடிந்த பிறகுதான் அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்தாள். அவள் கேட்டதைச் செய்துவிட்டோம் என்று எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். கிளார்க் போன் பண்ணினார். "கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போங்கம்மா." காரணம் சொல்லவில்லை.

நானும் வீட்டுக்காரரும் போனோம். கிளார்க் மேஜைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். கிளார்க் எங்களை நிமிர்ந்து பார்க்காமல் அதே ஃபைலைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதே செல்போன், அதே வளையம், அதே சாவிக்கொத்து. பெல்ட் நாலாம் எண்ணுக்கு நேரே இருந்தது. ஐந்துக்கு நேரே செம்புக் கம்பியால் கால் கட்டிய மூக்குக்கண்ணாடி.

"என்னங்க இது?" என்றேன்.

"உங்க கம்ப்யூட்டர் வேற வகையாம்மா? நாங்க அடிக்கிற எழுத்து, அந்த ஃபான்ட், அதுல இருந்திருக்காது. சின்ன எழுத்தா மாத்திக் காட்டியிருக்கும். அதுல வரியெல்லாம் மேல ஏறிடுச்சு. படத்தை நான் மவுஸால இழுத்துத்தான் வச்சேன். அது வச்ச இடத்துலயே நின்னுடுச்சு. நாலுக்கு நேரே வச்ச பெல்ட் உங்களுக்கு அஞ்சுக்கு நேரே தெரிஞ்சிருக்கு." அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "என் ஸ்க்ரீன்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"பி.டி.எஃப்பா அனுப்பியிருக்கலாமே சார்" என்றார் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி. வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெண் பேசினாள். "என் போன்ல ஒரு படமும் வரலைங்க. கட்டம் கட்டமா பெருக்கல் குறிதான் வந்துச்சு. எத்தனை தடவை போன் பண்ணேன்! இங்க நல்லாத் தெரியுதுன்னே சொன்னாரு. கடைசியில லீவு போட்டு நேர்ல வந்தேன். அந்தக் கண்ணாடிக்குக் கம்பி கட்டினது நான்தான்."

அந்தக் கிளார்க்கின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல எனக்கு வெறி வந்தது. ஆனால் அவர், "என் ஸ்க்ரீன்ல சரியாத்தான் இருந்துச்சு" என்று மறுபடி முணுமுணுத்ததைக் கேட்டபோது அந்த வெறிகூட அடங்கிப்போனது. அடித்தாலும் திட்டினாலும் அந்த மனிதருக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு அங்க யாராவது அழுதாங்களாங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"அழுதோம்மா. எங்க அம்மா காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. தெருவே அழுதுச்சு."

அவள் தலையாட்டினாள். "யார் பேரைச் சொல்லி அழுதீங்க?"

நான் தம்பியின் பேரைச் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். குழியைத் தோண்டிப் பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை, வீட்டுக்காரர்தான் போட்டார்.

நாலாம் எண்ணை இன்னும் யாரும் கேட்டு வரவில்லையாம். பிணவறைக்குள்ளேதான் இருக்கிறது என்றார்கள்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டர், எழுத்து, வரி என்று என்னென்னவோ சொன்னேன். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. பெல்ட் யாருடையது, உடம்பு யாருடையது என்பது மட்டும் புரிந்தது. கத்துவாள், மயங்கி விழுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "நாம இங்க அழுது முடிச்சு, சாப்பிட்டு, தூங்கி எழுந்தோமே. அத்தனை நாளும் அவன் அங்க தனியாவா கிடந்தான்?"

"ஆமாம்மா" என்றேன்.