கருப்பாயி மார்க்

அறந்தாங்கியில் கட்டுமாவடி ரோட்டை ஒட்டிய உமர் பாரூக்கின் கருவாட்டுக் கிட்டங்கியில் அன்று காலை பத்தரை மணிக்கு ஐந்து பேர் பேச உட்கார்ந்திருந்தார்கள். கல்லா மேசைக்குப் பின்னால் உமர் பாரூக். அவருக்கு இடப்பக்கம், பாக்கெட் ஒட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மருமகள் ஹமீதா பானு. மகன் சார்ஜாவில் இருக்க, பாக்கிங் வேலை முழுக்க அவள் பொறுப்பு. மேசைக்கு எதிரே, துடைத்துப் போட்ட மர நாற்காலியில் ரகுநாத். வெளியூரில் பழைய நீராவி என்ஜின்களை வாங்கி வைத்திருக்கும் தனியார் அருங்காட்சியகம் ஒன்றின் அதிகாரி. ஒரு நாற்காலி தள்ளி, பாரூக்குக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வந்த வக்கீல் அறிவுமதி. ஐந்தாவது ஆள் நாகராசு. தாலுகா ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்து மனுவும் பத்திரமும் எழுதிக் கொடுக்கிறவர். வாசலை ஒட்டி நெத்திலி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பஞ்சமில்லை, ஆனால் முப்பது வருஷமாக அந்தக் கிட்டங்கியில் அவருக்கு அதுதான் இடம்.

விஷயம் இதுதான். பாரூக் விற்கும் கருவாட்டுப் பாக்கெட்டில் ஒரு நீராவி என்ஜினின் முகம் அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே ‘கருப்பாயி மார்க்’ என்று எழுதியிருக்கும். எண்பத்தெட்டாம் வருஷம் முதல் அதுதான் மார்க். முதலில் தகர டின்னில் வந்தது, பிறகு சாக்கில், இப்போது பாக்கெட்டில். சார்ஜாவிலும் தோகாவிலும் வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் கடைக்குப் போனால் எழுத்தைப் படிப்பதில்லை. என்ஜின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எடுத்துப் போவார்கள். அந்த என்ஜின் இன்று ரகுநாத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் முகத்தையும், 1437 என்ற எண்ணையும், கருப்பாயி என்ற பெயரையும் அருங்காட்சியகத்தார் போன வருஷம் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துவிட்டார்கள். மூன்றையும் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, இனிப் போடமாட்டோம் என்று பதினைந்து நாளைக்குள் எழுதித் தர வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஓடிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்கு லோடு ஏற வேண்டும்.

நாகராசுவுக்குக் கவலை இல்லை. மடியில் பைல் கனமாக இருந்தது. எண்பத்தெட்டாம் வருஷத்து டின் லேபிள் முதல் போன மாத ஏற்றுமதிச் சீட்டு வரை பதினான்கு தாள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் எண், முதல் பக்கத்தில் அட்டவணை. எந்தத் தாளை எப்போது நீட்ட வேண்டும் என்றுகூட பென்சிலில் குறித்து வைத்திருந்தார்.

அறிவுமதிதான் முதலில் பேசினாள். “சார், சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு. நீங்க பதிவு பண்றதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடியே இவங்க இந்த மார்க்கைப் போட்டு வித்துக்கிட்டு இருக்காங்க. முன்னாடியே பயன்படுத்துனவங்களைப் பதிவை வெச்சுத் தடுக்க முடியாது. நாகராசு சார், மூணாம் நம்பர் குடுங்க.”

நாகராசு நீட்டினார். ரகுநாத் வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். கருவாட்டு வாடைக்கு முகம் சுளிக்கவில்லை, கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்காதீங்க பாய்,” என்றார். “ரெண்டு வருஷம் முன்னாடி எவனோ ஒருத்தன் எங்க என்ஜின் படத்தைக் குட்கா பாக்கெட்ல போட்டு வித்தான். கேட்டா, ‘உங்ககிட்ட என்ன ரிஜிஸ்டிரேஷன் இருக்கு’ன்னான். அதுக்கப்புறம்தான் பதிவு பண்ணுனோம். நாங்க பண்ணலைன்னா அவன் பண்ணிருப்பான். பொம்மை, கப்பு வித்து வர்றதை வெச்சுத்தான் பாய்லரே பாக்குறோம். துருப்பிடிச்சுப் போனா ஒங்களுக்கும் வருத்தம்தானே?”

“குட்காவும் நெத்திலியும் ஒண்ணா சார்?” என்றாள் ஹமீதா பானு.

“இல்லம்மா. ஆனா மியூசியத்தை நடத்துற டிரஸ்ட்ல ஒரு விதி வெச்சிருக்காங்க. டீத்தூள், பிஸ்கட், புஸ்தகம் இதுக்கெல்லாம் லைசென்ஸ் தருவோம். வாடை வர்ற பொருளுக்குக் குடுக்குறதில்ல. என்ஜினோட கௌரவம் கெடும்னு…” அவருக்கே மேலே சொல்லக் கூச்சமாக இருந்தது போல. நிறுத்திக்கொண்டார்.

பாரூக் வாய்விட்டுச் சிரித்தார். “கௌரவமா! சார், அது இருபது வருஷம் இந்த லயன்ல இழுத்ததே கருவாடுதான். கட்டுமாவடியிலேருந்து வண்டி வண்டியா வரும். ஸ்டேசன்ல லோடு தூக்க ஒரு பொம்பளை இருந்துச்சு, கருப்பாயின்னு. அது ஒரு சத்தம் போட்டா பிளாட்பாரமே ஓரமா ஒதுங்கும். என்ஜினும் அதே தொண்டையில கூவும். அதான் கருப்பாயின்னு பேரு வெச்சோம். ஒங்க ஊருல பெயின்ட் அடிச்சு நிறுத்துனதும் டீத்தூள் மணக்க ஆரம்பிச்சுருச்சோ?”

அறிவுமதியும் சிரித்துவிட்டாள். ரகுநாத்தும் சிரித்தார். “அந்தக் கதை என்ஜினுக்கு முன்னாடி வெச்ச போர்டுலயே எழுதியிருக்கு பாய்.”

“ஒங்களுக்கு யாரு சொன்னா அதை?”

“நீங்கதான்,” என்றார் ரகுநாத். பையைத் திறந்து, கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்த நாலு பக்கக் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். “ரெண்டாயிரத்து ஒம்போதுல எங்களுக்கு வந்த மனு. அதுக்கு முன்னாடி அது எங்களுக்கு வெறும் நம்பர்தான். பேரு, கதை எல்லாம் இதுலேருந்துதான் எடுத்தோம்.”

நாகராசு இருந்த இடத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். ஓரத்தில் ஒரு விரல் அகலம் மடித்து விட்ட மார்ஜின். ஒவ்வொரு பத்திக்கும் எண், எண்ணைச் சுற்றி வட்டம். அவருடைய எழுத்துதான்.

அந்த வருஷம் என்ஜின் ஒரு ஓரத் தண்டவாளத்தில் புல் மண்டிக் கிடந்தது. உடைத்து இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. அருங்காட்சியகத்தார் எடுத்துக்கொள்ளத் தயார்தான்; ஆனால் வேறொரு ஊரில் என்ஜினை லாரியில் ஏற்றும்போது ஜனங்கள் மறித்து உட்கார்ந்துகொண்டதால், ஊர்க்காரர்கள் பின்னால் தகராறு பண்ணமாட்டார்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். வியாபாரிகள் சங்கத்தில் நாகராசுவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். எழுதினார். இருபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து சங்கச் செயலாளர் உமர் பாரூக்.

அறிவுமதி கடிதத்தை எடுத்து மௌனமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

“‘ஏழு. மேற்படி என்ஜினையும் அதன் பெயர், எண், உருவம், கதை ஆகிய சகலத்தையும் தங்கள் வசம் ஒப்படைப்பதில் எங்களுக்குப் பூரண சம்மதம். இன்று முதல் இவற்றில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது. இவற்றை முன்னிட்டு எக்காலத்திலும் எங்கும் வழக்காட மாட்டோம்.’”

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒருவர் விலகிக்கொள்ளும்போது எழுதுகிற விடுதலைப் பத்திரத்தின் வாசகம் அது. நாகராசு அதை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நிலத்துக்கு எழுதுகிறதை என்ஜினுக்கும் எழுதினார். அதுவும் போதாமல் தோன்றி, ‘பெயர், எண், உருவம், கதை’ என்று அவராகச் சேர்த்தார். வாசகம் இறுக்கமாக இருக்க வேண்டும், எதிராளிக்கு ஒரு ஓட்டைகூட தெரியக் கூடாது என்பது அவருடைய தொழில். என்ஜின் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும், ஏழாவது பத்திதான் காரியத்தை முடித்தது என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

“இது நீ எழுதுனதாப்பா?” என்றார் பாரூக்.

“ஆமா பாய்.”

“என்ன எழுதியிருக்குன்னு அன்னைக்குப் படிச்சுக் காமிச்சியா?”

“நாலு பக்கம் பாய். படிக்கவான்னு கேட்டேன். ‘நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும், எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லு’ன்னீங்க.”

பாரூக் தலையை ஆட்டினார். “சொன்னேன். சொன்னேன்.”

மெஷினுக்கு அப்பால் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு இங்கிட்டுப் பார்த்தார்கள். ஹமீதா பானு அவர்களைப் பார்த்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

“மேடம், இனி என்ன செய்யலாம்?” என்றாள் அவள்.

“சண்டை போடலாம்,” என்றாள் அறிவுமதி. குரலில் முன்பிருந்த பலம் இல்லை. “இந்தக் கடிதம் என்ஜினைக் கொண்டு போறதுக்காக எழுதுனது, மார்க்கை விட்டுக்கொடுக்க எழுதுனது இல்லைன்னு வாதாடலாம். ஆனா ‘உருவம்’னு இருக்கு, ‘பெயர்’னு இருக்கு, வழக்காட மாட்டோம்னும் இருக்கு. எடுத்த எடுப்புல இடைக்காலத் தடை வாங்கிருவாங்க. கேசு முடியிற வரைக்கும் எப்படியும் படம் போட முடியாது. எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியல.”

“எனக்கு அறுபத்தெட்டு ஆகுது,” என்றார் பாரூக். ரகுநாத் பக்கம் திரும்பினார். “சார், பொண்ணைக் கட்டிக்கொடுத்தோம். சரி. பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடவா கூடாது?”

“கூப்பிடலாம் பாய். பாக்கெட்ல போடத்தான் கூடாது.” ரகுநாத் எழுந்தார். “நான் வேணா டிரஸ்ட்ல இன்னொரு தடவை பேசிப் பாக்குறேன்.”

அதில் ஒன்றும் நடக்காது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, நாகராசுவிடம் மெதுவாகச் சொன்னார்: “நல்ல கடிதம் சார் அது. அது இல்லைன்னா எங்க டிரஸ்ட்ல ஒத்துக்கிட்டே இருக்க மாட்டாங்க. என்ஜினை அறுத்துருப்பாங்க.”

நாகராசு கும்பிட்டார்.

கார் போனது. அறிவுமதியும் பதினொன்றே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஹமீதா பானு எழுந்து போய், கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னாள். பாக்கெட்டின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியே அனுப்ப வேண்டும்; புதிதாக அச்சடிக்க நேரமில்லை.

“மாமா, வேற என்ன படம் போடலாம்? கப்பல் போட்டுருவமா?”

“அதையும் எவனாவது காட்சிக்கு நிறுத்தி வெச்சிருப்பான் தாயி.”

“அப்ப மீனு?”

“கருவாட்டுப் பாக்கெட்ல மீனு போடாத கடை எது? எதையும் போடாத. வெறுமனே போகட்டும்.”

“வெறும் பாக்கெட்டைப் பாத்து யாரு மாமா எடுப்பா?”

பாரூக் வாசல் பக்கம் திரும்பி, “நாகராசு, எழுதுங்க,” என்றார்.

எழுதுங்க. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் நாகராசுவை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. ஏசியிருக்கிறார், ‘வாடா போடா’ என்றிருக்கிறார், சம்பந்தமில்லாத கோபத்தையெல்லாம் அவர் தலையில் கொட்டியிருக்கிறார். நாகராசு மூட்டையிலிருந்து இறங்கி வந்து, மேசையின் ஓரத்தில் தாளை வைத்து, நின்றபடியே பேனா மூடியைக் கழற்றினார்.

“பாய், உறுதிமொழிக்குக் கீழே ஒரு பத்தி சேர்க்குறேன். கருவாட்டுக்கும் அந்த லயனுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லி, பேரை மட்டுமாவது விட்டுத்தாங்கன்னு பணிவா ஒரு கோரிக்கை…”

“ஒண்ணும் சேர்க்க வேணாம்.”

“கேட்டு வெச்சா தப்பில்ல பாய்.”

“கேட்டு என்ன ஆகப்போகுது? குடுத்தாச்சு. குடுத்தது குடுத்ததுதான்னு எழுதுங்க. அம்புட்டுத்தான்.”

நாகராசு எழுதினார். இன்ன தேதியிட்ட தங்கள் அறிவிப்பு கிடைத்தது. அதில் கண்ட உருவம், எண், பெயர் மூன்றையும் இன்று முதல் எங்கள் சரக்கு எதிலும் பயன்படுத்த மாட்டோம். மீதமுள்ள லேபிள்களை அழித்துவிடுகிறோம். மூன்று வாக்கியம். பத்திக்கு எண் போடவில்லை. நாலாவது வாக்கியத்துக்குக் கை தானாக நகர்ந்தது, தூக்கிக்கொண்டார். படித்துக் காட்டினார். இந்தத் தடவை பாரூக் கடைசி வரை கேட்டார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ம்” சொன்னார், கையெழுத்துப் போட்டார், முத்திரையைக் கையில் எடுத்தார். சங்கத்தின் முத்திரை இல்லை, கடையின் முத்திரைதான். அதில்கூட நடுவில் குட்டியாக அந்த என்ஜின் இருந்தது. ஹமீதா பானு அதைப் பார்த்துவிட்டு, குத்துவதற்குள் முத்திரையை வாங்கி டிராயருக்குள் போட்டாள்.

தபாலாபீசில் கூட்டம் இல்லை. நாகராசு உறையின் வாயில் பசை தடவி, மூன்று தடவை நகத்தால் நீவி ஒட்டினார். அனுப்புநர் இடத்தில் பாரூக்கின் பெயரை எழுதினார்.

“ரிஜிஸ்தரும்மா.”

“ரிஜிஸ்தர்னு தனியா இப்ப இல்லைங்களே. ஸ்பீடு போஸ்ட்தான்,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். “உள்ள என்ன, லெட்டரா?”

“லெட்டர்தான்.”

எடை போட்டாள். பார்கோடை ஒட்டினாள். மேலே ஒரு முத்திரை குத்தி, பின்னால் திரும்பாமலே பைக்குள் போட்டாள்.