ஓய்வில் இருக்கும் விமானிகள்

ஜெராக்ஸ் கடையின் பின்னறை மேசைமேல் ஒரு விண்வெளிப் போர் ஒரு மாதமாகப் பாதியில் நின்றிருந்தது. தூசி விழக் கூடாதென்று கடைக்காரர் அந்த ஆட்டப் பலகைமேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். போரில் ஒரு பக்கம் கணக்கு வாத்தியார். மறுபக்கம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

அங்கே ஆட வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரூல்ஸ்'. ஆட்டத்தில் எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்பு அவருடையதுதான். கறார் என்றால் அப்படியொரு கறார். பகடை உருண்டு கீழே விழுந்தால் செல்லாது என்பார். விழுந்தது அவருடைய பகடையாக இருந்தாலும் செல்லாது. ஒருமுறை கடைக்காரர் கலத்தை நகர்த்தி வைத்துவிட்டு, மனம் மாறி, ஒரே ஒரு கட்டம் பின்னால் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். "விரலை எடுத்தா எடுத்ததுதான்" என்றார் ரூல்ஸ். நட்பாவது மண்ணாவது. ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு, மாடி ஏறுகிறவர்களின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன் வேறு எப்படி இருப்பார்?

நின்றுபோனது அந்த வருடப் போட்டியின் இறுதி ஆட்டம். அவருக்குப் பதிலாக யாரும் உட்காராவிட்டால் வாத்தியார் ஜெயித்ததாகிவிடும். அதனால் ரூல்ஸின் தங்கை வந்தாள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டுகிற வேலை அவளுக்கு. ஜெயித்தவர் பெயர் ஏறும் கேடயம் ஒன்று அந்தப் பின்னறைச் சுவரில் தொங்கியது. ஊரார் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன அண்ணனின் பெயர் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. இந்த ஒரு தடவையாவது ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்து இதே ஆட்டத்தை ஆடியிருக்கிறார். கடைக்காரர் பெட்டியை எடுத்ததும் பலகையை ஒரு நோட்டம் விட்டாள். ஓரத்தில் அண்ணனின் தாய்க்கப்பல். அதில் ஆளில்லாத போர்க்கலங்கள் நாலு. வெளியே பறந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கலம். அதன் முதுகு ஓட்டையில் விமானிக்கு அடையாளமாக ஒரு சிவப்புக் குச்சி. மற்ற நாலு குச்சிகளும் பெட்டி மூடியில் கிடந்தன.

அவள் அந்த நாலையும் பொறுக்கி எடுத்தாள். "நல்லவேளை, இவங்க நாலு பேரும் ஓய்வுலதானே இருக்காங்க? இந்தச் சுத்துலயே எறக்கிடறேன்" என்றபடி ஒவ்வொன்றாகக் கலங்களில் செருகினாள்.

வாத்தியாரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது?

"தங்கச்சி" என்று வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அவங்க ஓய்வுல இல்லம்மா. அடிபட்டுட்டாங்க."

"தெரியும் சார். கலம் அடிபட்டா பைலட் குதிச்சிடுவாரு. ஒரு சுத்து ஓய்வு. அப்புறம் தாய்க்கப்பலுக்கு வந்து வேற கலத்தை எடுத்துக்குவாரு."

"அப்படி ரூல் இல்லம்மா. கலம் போனா வேற கலம் இருக்கு. பைலட் போனா போனதுதான். திரும்பி வரமாட்டாரு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குச் சொல்லிக் குடுத்ததே எங்கண்ணன்தான் சார். அவரு தப்பா சொல்லுவாரா? ஆள் இல்லேன்னதும் ஆளுக்கொரு சட்டம் போடறீங்களா?"

கடைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "அந்த நாலு பேரையும் மூடியில எடுத்துப் போட்டது உங்க அண்ணன் கைதாம்மா. உங்களுக்கு எப்போ சொல்லிக் குடுத்தாரு?"

"எப்பவா? எங்க வீட்டுக்காரரு போனாரே, அதுக்கு அடுத்த மாசம்." கோபத்தோடுதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அவள் கணவர் டேங்கர் லாரி ஓட்டியவர். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தது. முதலாளி வேறு லாரி வாங்கிவிட்டார். அவள் மட்டும் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, அழவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போனார்கள். அண்ணனுக்கு ஆறுதல் சொல்லவே வராது. அவர் இந்த ஆட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சும்மா ஆடு, மூளைக்கு வேலை" என்றார். முதல் ஆட்டத்திலேயே அவளுடைய கலம் ஒன்று அடிபட்டது.

"இதுல இருந்தவரு?" என்று கேட்டாள்.

அண்ணன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ரூல் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த புத்தகத்தை எதற்கு இப்படிப் புரட்டுகிறார் என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில், "குதிச்சிட்டாரு. ஒரு சுத்து ஓய்வு. அடுத்த சுத்துக்கு வந்துடுவாரு" என்றார். அன்றைக்குத்தான் அவள் தானாக ஒரு தட்டு எடுத்து வைத்துச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டு மேசையில் ஒருவருமே சாகவில்லை. அதனால் எந்த ஆட்டமும் முடிந்ததும் இல்லை. ஏன் இப்படி இழுக்கிறது என்று அவள் கேட்டால், "நல்ல ஆட்டம்னா இழுக்கத்தான் செய்யும்" என்பார், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல். ரூல் புத்தகத்தை அவள் தொட்டதில்லை. அண்ணன் இருக்கையில் புத்தகம் எதற்கு?

"தங்கச்சி, உங்க ரூல்படியே ஆடுவோம்" என்றார் வாத்தியார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல." கடைக்காரரும் வேகமாகத் தலையாட்டினார்.

அஞ்சு விமானிகள் இருந்தால் ஜெயித்துவிடலாம். அவள் சுவரைப் பார்த்தாள். கேடயத்தில் ஒரு பெயருக்கு இடம் இருந்தது.

"வேணாம் சார். அது எங்க வீட்டு ரூல். அவரு பேரை ஏத்தறதுக்கு அவரு ரூலையே உடைச்சா, அப்புறம் அந்தப் பேரு எதுக்கு?"

நாலு குச்சிகளையும் திரும்பப் பிடுங்கினாள். நாலாவது இறுகிக்கொண்டு வர மறுத்தது. கடைக்காரர் உதவ வந்தார். தலையசைத்து மறுத்துவிட்டு, அவளே எடுத்து மூடியில் வைத்தாள்.

ஒற்றைக் கலத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே ஆடினாள். வாத்தியாரின் கலங்களில் இரண்டை வீழ்த்தினாள். பிறகு வாத்தியார் பகடையை உருட்டினார். அஞ்சோ ஆறோ விழுந்தால் அவள் கலம் காலி. பகடை நின்றதும் அவர் சட்டென்று அதை உள்ளங்கையால் மூடினார்.

"தப்பிச்சீங்கம்மா."

"கையை எடுங்க சார். ஆறு."

"இல்ல, உருளும்போது என் கை பட்டுடுச்சு. செல்லாது."

"படல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் பேசுவதுபோலவே இருந்தது. வாத்தியார் கையை எடுத்தார். ஆறுதான்.

கடைசிக் குச்சியை அவள் உருவி எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மூடியில் மற்ற நாலு பேருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

"அடுத்த வருஷம் நானும் சேரலாமா சார்?"

"தாராளமா வாங்கம்மா."

"அப்ப எனக்கு ரூல்ஸை மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க. எதையும் மறைக்காம."

"சரிம்மா" என்றார் வாத்தியார்.

அதன் பிறகுதான் அவள் அழுதாள். ஆறு வருடமாகத் திரும்பி வருவாரென்று எங்கோ ஒரு மூலையில் உட்காரவைத்திருந்த கணவருக்காகவும், அப்படி உட்காரவைத்துக் கொடுத்த அண்ணனுக்காகவும் சேர்த்து, மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். கடைக்காரர் முன்பக்கம் போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை நாளைக்கு வரச் சொன்னார்.